துவைக்காத புடவை

அம்சவள்ளியின் குதிகால் வெடிப்பில் செம்மண் இருந்தது.

காலையில் வாசல் தெளிக்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள். ஈரம் காயாத மண். நகத்தால் தோண்டி எடுத்து விரலிடையில் உருட்டினாள். சிறு கல் கலந்து, செங்கல் பொடி போல நெறுநெறுவென்று உருண்டது. அவள் ஊரில் எந்தப் பக்கம் தோண்டினாலும் கரிசல்தான். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் கருப்பு மண். இந்தச் சிவப்பைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே கல்வராயன் மலை ஏற வேண்டும். மலைக்குப் போய் வந்து மாதம் ஆகப்போகிறது. அதற்கப்புறம் தினமும் குளிக்கிறாள்.

கழுவிவிட்டாள். மறுநாள் காலையும் இருந்தது.

ஒன்று புரியாவிட்டால் விட்டுவிடுகிற ஆள் இல்லை அம்சவள்ளி. மக்காச்சோளக் கொல்லையில் மோட்டார் ஓடவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஃபியூசைப் பார்ப்பாள், ஒயரைப் பார்ப்பாள், குழாயில் காற்று அடைத்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பாள். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் கோளாறு என்பது அவள் கணக்கு. அதே போல இதையும் பார்த்தாள். படுக்கும் முன் காலைத் தேய்த்துக் கழுவி வேட்டித் துணியால் துடைத்தாள். பாயை உதறினாள். வாசற்படிக்கு உட்புறம் அடுப்புச் சாம்பலைச் சலித்து மெல்லிசாகப் பரப்பினாள். எறும்பு நடந்தால்கூடத் தடம் விழும். கதவின் இரும்புத் தாழ் மேலிருந்து தரையில் உள்ள குழிக்குள் இறங்குகிற வகை. உள்ளே இருப்பவர் தூக்கினாலொழியத் திறக்காது, தூக்கினால் தெருவுக்கே கேட்கும் கிறீச்சென்ற சத்தம் வரும்.

விடிந்ததும் பார்த்தாள். தாழ் இறங்கியபடி இருந்தது. சாம்பலில் தடம் இல்லை.

குதிகாலில் செம்மண் இருந்தது.

மலையில் அவள் மகன் சின்னராசு இருந்தான். அவனை அங்கே கொண்டுபோய் விட்டவள் அவள்தான்.

சின்னராசுவின் அப்பா செல்லமுத்து குடித்துக் குடித்தே போனவர். கடைசியில் கண், நகம், நாக்கு எல்லாம் மஞ்சளாகி, வயிறு பானை போல உப்பி, தண்ணீர் கேட்டுக்கொண்டே செத்தார். அந்த வயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிய மகன் அடுத்த வருடமே சாராயப் பாக்கெட்டைக் கடித்துத் துப்ப ஆரம்பித்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தனியாக உட்கார வைத்துப் படம் போட்டு விளக்கினார். கல்லீரல் வீங்கிக் கண்ணில் மஞ்சள் தட்டியிருக்கிறது, இப்போது நிறுத்தினால் தானாக ஆறும், நிறுத்தாவிட்டால் அப்பா போன வழிதான், ஆனால் நிறுத்த வேண்டும் என்று அவனுக்கே தோன்ற வேண்டும். நல்ல மனுஷர். அவர் பேசி முடிப்பதற்குள் வார்டில் இருந்த சின்னராசு பின்வாசல் வழியே சாராயக் கடைக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம்தான் அவள் இடம் தேட ஆரம்பித்தாள். கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு மையம். இரும்புக் கிராதிக் கதவு, கை அகலப் பூட்டு. பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் கதவுக்கு ஒரு பக்கம் பூட்டு என்றால் மறுபக்கம் கீல் இருக்கிறதே. சோற்றுத் தட்டின் விளிம்பால் கீலின் ஆணியை அடியிலிருந்து தட்டித் தட்டி மேலே ஏற்றி உருவிவிட்டான். பூட்டு பூட்டியபடியே தொங்க, கதவு மறுபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அடுத்தது மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்கிற இடம். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிச் சேர்த்து, காவல்காரனிடம் கொடுத்துச் சாராயம் வாங்கிக்கொண்டான். பூட்டு, மருந்து, காவல் எல்லாம் வெளியே இருக்கின்றன, இவனுக்கு உள்ளே ஒன்று வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

மலையில் ஒரு இல்லம் இருப்பதைச் சொன்னவள் பக்கத்து வீட்டுத் தைலம்மாள். அவள் தங்கச்சி மகன் அங்கே இருந்து வந்தவன். வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை.

“ஒரே ஒரு கொறதான்க்கா,” என்றாள் தைலம்மாள். “பொழுது சாஞ்சா வூட்ட வுட்டு வெளிய வரமாட்டான். அவங்க அம்மா சோறு போட்டாக்கூட செவுத்தப் பாத்துக்கினுதான் தின்னுவான். இன்னா இப்ப, குடிக்கலல்ல?”

முதலில் அவள் மட்டும் போய்ப் பார்த்தாள். கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே செம்மண் தடத்தில் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. பகலிலேயே பனிமூட்டம் இறங்கி மரங்களின் இடுப்புவரை நின்றது. வழியில் எதிர்ப்பட்ட மலைக்காரர் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வழி கேட்டதற்கு ஒரு கிழவர் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினார். இல்லம் ஒரு நீண்ட ஓட்டு வீடு. அவள் முதலில் பார்த்தது கதவைத்தான். தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்து கழற்றிய ஓட்டைகூட இல்லை. சன்னலுக்குக் கம்பி இல்லை. மதில் இல்லை, நாய் இல்லை. வீட்டைச் சுற்றிக் கம்பு நட்டு, கம்புக்குக் கம்பு பழைய புடவைகளைக் கட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் வேலி.

அதைப் பார்த்ததும் அவளுக்கு ஏனோ சொந்தக் கொல்லைக்கு வந்த மாதிரி இருந்தது. அவள் மக்காச்சோளத்துக்கும் புடவை வேலிதான்.

இல்லத்தை நடத்தியவர் தெய்வசிகாமணி. வெள்ளைச் சட்டை போட்ட, குரலே உயராத மனிதர். அவள் பூட்டைப் பற்றிக் கேட்டாள்.

“பூட்டுப் போட்டா அதைத் தொறக்கற வழியவே யோசிச்சிக்கினு இருப்பாங்கம்மா,” என்றார். “இங்க யோசிக்க ஒன்னுமில்ல.”

மகனை அழைத்து வரும்போது அம்மா கட்டிய புடவை ஒன்று கொண்டுவர வேண்டும், உடுத்தி அவிழ்த்தபடியே, துவைக்கவே கூடாது. வேறெதுவும் வேண்டாம். ஏன் என்று கேட்டதற்கு, பையன்களுக்குத் துணையாக இருக்கும் என்றார். ஓட்டு வீட்டுக்குள் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முதுகும் வேலியைப் பார்த்திருந்தது.

எந்தப் புடவையைக் கொடுப்பது என்பதில்தான் அம்சவள்ளி தவறு செய்தாள். அந்தத் தவறைக் கொல்லை வைத்திருக்கிற ஒருத்தியால்தான் செய்ய முடியும்.

புடவை வேலி எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரியும். காட்டுப்பன்றிக்குக் கண் மட்டம், மூக்கு கூர்மை. காற்றில் அசைகிற துணியும் அதில் ஊறிய மனுஷ வேர்வையும் சேர்ந்து, அங்கே ஆள் நிற்பதாக அதற்குத் தோன்றும். ஆனால் பன்றி முட்டாள் இல்லை. சில நாள் போனால் கூட்டத்தில் துணிச்சலான ஒன்று முன்னால் வந்து துணியை மூக்கால் தள்ளிப் பார்க்கும். பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்துவிட்டால் மறுநாள் மொத்தக் கூட்டமும் உள்ளே. அதனால் அது மூக்கை நீட்டுகிற அன்று துணிக்குப் பின்னால் நிஜமாகவே ஆள் நிற்க வேண்டும். அடிக்க வேண்டும். ஒன்றை அடித்தால் போதும், மற்றவை பயத்தைச் சுமந்துகொண்டு போகும். அப்புறம் வேலி இருப்பது கொல்லையில் இல்லை, பன்றியின் மண்டைக்குள்.

போன வருடம் அவள் அப்படி நின்றாள். கரும்பச்சைப் புடவை, மாங்காய்க் கரை. கையில் மூங்கில் தடி. மூக்கை நீட்டியது குட்டிதான். ஒரு அடியோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. புருஷன் போனது, மகன் போய்க்கொண்டிருப்பது எல்லாம் சேர்ந்து கைக்கு வந்துவிட்டது. குட்டி கத்துவதை நிறுத்திய பிறகும் அடித்தாள். வனத்துறைக்குத் தெரிந்தால் வழக்கு என்று விடிவதற்குள் புதைத்துவிட்டாள். புடவையில் தெறித்தது துவைத்தாலும் போகாது என்பதால் அதையே அவிழ்த்து வேலியில் கட்டினாள். அந்தப் பக்கம் பன்றி இன்றுவரை வரவில்லை.

பெட்டியில் வேறு புடவைகள் இருந்தன. சின்னராசுவுக்குத் தூளி கட்டிய மெல்லிய நூல் புடவைகூட இருந்தது. அவள் கொல்லைக்குப் போய்க் கரும்பச்சையை அவிழ்த்து வந்தாள். காவல் காக்கத்தானே கேட்கிறார்கள், காத்துக் காட்டிய புடவை இதுதானே என்று நினைத்தாள்.

இல்லத்து வேலியில் அதைக் கட்டியபோது சின்னராசு அடையாளம் கண்டுகொண்டான்.

“பன்னிக்குக் கட்டனதையே எனக்கும் கட்டிட்டியா,” என்றான். “நல்லாக்கீதும்மா உன் பாசம்.”

அவள் திரும்பிப் பார்க்காமல் தடத்தில் இறங்கினாள். பின்னால் புடவை காற்றில் படபடத்தது. காற்றே இல்லை என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தெய்வசிகாமணி போனில் சொன்னதெல்லாம் நல்ல சேதி. குடிக்கவில்லை, கேட்கவும் இல்லை, சாப்பிடுகிறான். வெளியே போகப் பார்த்தானா என்று கேட்டாள். மொதல்ல போனாம்மா, என்றார். இப்ப போறதில்ல.

அந்த வாரத்தில்தான் செம்மண் வர ஆரம்பித்தது.

பிறகு உள்ளங்கை. விரல்கள் தொடங்குகிற இடத்தில் வரிசையாகக் கொப்புளம். மண்வெட்டி பிடித்தால் வருவது, தடி பிடித்தால் வருவது. மழை விடாததால் அவள் மண்வெட்டியைத் தொட்டே நாளாகியிருந்தது. பிறகு குரல். காலையில் தைலம்மாளிடம் பேச வாயைத் திறந்தால் கரகரவென்று காற்று மட்டும் வந்தது, கத்திக் கத்திக் கட்டிய தொண்டை போல. பிறகு தோள்வலி. ஓங்குகிற தோள் மட்டும்.

காலைக் கட்டில் காலோடு சேர்த்துத் தாம்புக்கயிற்றால் கட்டிக்கொண்டு படுத்தாள். மாட்டுக்குப் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். காலையில் முடிச்சு போட்டபடியே இருந்தது. கயிற்றுக்கு உள்ளே கணுக்கால் சிவந்திருந்தது. கணுக்காலுக்குக் கீழே ஈர மண்.

ஒவ்வொன்றாகக் கழித்தாள். கதவு இல்லை. கால் இல்லை. வழி இல்லை. எல்லாவற்றையும் கழித்த பிறகும் மண் மட்டும் மிஞ்சியது.

ஒரு நாள் காலையில் நகக்கண்ணில் ஏதோ உறுத்தியது. இழுத்தாள். முடி. பன்றி முடி என்றால் தடியாக, விறைப்பாக, நுனி பிளந்து இருக்கும். இது மென்மையாக இருந்தது. சுருட்டை முடி. எண்ணெய் வைத்து வாரி, வாரி, அவள் விரலுக்கு மனப்பாடமான முடி.

தூளிப் புடவையை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மலையில் வெயில் இருந்தது. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. வெயிலில் புடவைகள் ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொன்றும் ஒரு வாசனை: பால் புளித்த வாசனை, விபூதி, வெற்றிலை, மண்ணெண்ணெய். எத்தனையோ அம்மாக்கள். ஒரு புடவையும் அசையவில்லை. பக்கத்தில் போகும்போது ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ மூச்சை அடக்குவது போல இருந்தது. குனிந்து அடியில் பார்த்தாள். கால்கள் இல்லை. ஆனால் புல் இல்லை. ஒவ்வொரு புடவைக்குப் பின்னாலும் இரண்டு பாதம் அளவுக்குப் புல் செத்து, செம்மண் தெரிந்தது.

கரும்பச்சைப் புடவைக்குப் பின்னால் அந்த இடம் குழியாகவே இறங்கியிருந்தது. குழியில் குதிகாலின் வெடிப்பு தெளிவாகப் பதிந்திருந்தது. அவள் காலை வைத்துப் பார்க்கவில்லை. வைக்கத் தேவையில்லை.

சின்னராசு முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தான். கண் வெளுத்திருந்தது. மஞ்சள் போய்விட்டது. கை நடுங்கவில்லை. பத்தாவது படிக்கும்போது இருந்த முகம் திரும்பி வந்திருந்தது. அப்புறம்தான் அவன் முழங்காலுக்குக் கீழே பார்த்தாள். கறுத்து, வீங்கி, ஒரு கால் வளைந்து. உச்சியில் ஒரு கை அளவுக்கு முடி இல்லை.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். கடலை கொட்டியது. உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டினான்.

“பகல்லயும் வர ஆரம்பிச்சிட்டியா?” என்றான்.

“ராசு. நாந்தான்டா. அம்மா.”

“தெரியும்.” அவன் கண் அவள் கைகளைத் தேடியது. “தடி எங்க?”

பின்னால் வந்து நின்ற தெய்வசிகாமணியின் முகத்தில் மாற்றமே இல்லை. அவள் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். மற்ற புடவைகள் சீக்கிரம் நைந்துவிடும். சில அம்மாக்கள் அங்கே நின்று அழுவார்கள், சிலர் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். அழுகிற அம்மாவைத் தள்ளிக்கொண்டு போகப் பையன்களுக்கு எத்தனை நாள் ஆகும்? அடிக்கடி மாற்றச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது.

“உங்களுது ஒன்னுதாம்மா மாத்தவே வேணாம்,” என்றார். குரலில் மரியாதை இருந்தது.

அவள் வேலிக்குப் போனாள். கொப்புளம் உடைந்து எரிய எரிய, முதல் முடிச்சை அவிழ்த்தாள். மேல் முனை சரிந்தது. அடி முனையை அவிழ்த்தாள். புடவை ஒரு கம்பில் மட்டும் தொங்க, நடுவில் வெறும் வெளி தெரிந்தது. வெளிக்கு அப்பால் தடம். தடம் இறங்குகிற ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கோ மெல்லிய புகை, அதில் சாராய ஊறலின் புளிப்பு வாடை.

பின்னால் கடலை நொறுங்கும் சத்தம்.

திரும்பினாள். சின்னராசு எழுந்து நின்றிருந்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூக்கை உயர்த்தி, காற்றை இழுத்தான். ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு முகம் மாறியது. பயம் மட்டும் வடிந்து, பழைய சின்னராசு உள்ளிருந்து ஏறி வந்தான்.

“யம்மா,” என்றான் இனிமையாக. “நல்ல வேல செஞ்சம்மா. இங்கயே இரு. ஓடை வரிக்கும் ஒண்டி போயிட்டு வந்துடறேன்.”

“எதுக்குடா?”

அவன் ஓடைப் பக்கம் புகையைப் பார்த்தான். நாக்கு உதட்டை நக்கியது. கை நடுங்க ஆரம்பித்திருந்தது. வளைந்த காலை இழுத்துக்கொண்டு வந்தான். வேகமாக. அவள் குறுக்கே நின்றாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. கம்பைத் தள்ளுவது போலத் தோளால் தள்ளினான். அவள் மண்ணில் விழுந்தாள்.

தூளிப் புடவை பைக்குள்ளேயே இருந்தது. அதைக் கட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் புடவைக்குள் இருப்பவள் தாலாட்டுவாள். அவன் கேட்டுக்கொண்டே கடந்து போவான். அடுத்த ஆடிக்குள் வயிறு பானை போல உப்பும். கண் மஞ்சளாகும். தண்ணீர் கேட்பான்.

கரும்பச்சையை இழுத்தாள். முட்டியில் எழுந்து மேல் முனையைக் கம்பில் சுற்றினாள்.

சின்னராசு நின்றான். ஒரு கால் வெளியே. மூக்கு விடைத்தது.

“வேணாம்மா,” என்றான். இனிமை போய்விட்டிருந்தது. “யம்மா. வேணாம். அது என்னக் கொன்னுடும்மா.”

அடி முனை எட்டவில்லை. விரல் எரிந்தது. கை நழுவியது. துணி நழுவியது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது.

நழுவிய முனையைப் பிடித்தது. கறுத்த கை. நகக்கண்ணில் சிவப்பு மண். விரல் தொடங்குகிற இடத்தில் கொப்புளம், அவளுக்கு இருக்கிற அதே வரிசை. அது முனையை அவளிடம் நீட்டியது. அவள் சுற்றினாள். அது இழுத்துக் கொடுத்தது. மாட்டு முடிச்சு. இருவருமாக இறுக்கினார்கள்.

சின்னராசு ஊர்ந்து ஊர்ந்து முற்றத்துக்குத் திரும்பினான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

புடவை அசைந்தது. துணிக்குப் பின்னால் மூங்கில் ஒன்று தரையில் ஊன்றப்படும் சத்தம்.

அவள் பையை எடுத்துக்கொண்டு தடத்தில் இறங்கினாள். குதிகால் செம்மண்ணைத் துடைக்கவில்லை. துணியால் வேலி நிற்காது. துணிக்குப் பின்னால் ஆள் வேண்டும், ஓங்கினால் நிறுத்தாத ஆள். அந்த ஆள் எவ்வளவு தொலைவில் படுத்திருந்தாலும் புடவை கூட்டிக்கொண்டு வந்துவிடும். துவைக்கக் கூடாது. அவிழ்க்கக் கூடாது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் தினமும் வீட்டுக்குப் போய்த் தூங்குவதுதான்.